புதன்கிழமைப் பதிலாள்

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். மனிதவளப் பிரிவின் முகாமையாளர், மேட்ரன், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், குறிப்பெடுக்க ஒரு பெண்பிள்ளை, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் வார்டு சிஸ்டர். அவருக்கு லீவு என்று மேட்ரன் சொன்னார். மற்றவர் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் மாமா. அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவருடைய கையெழுத்து மேசையில் கிடந்தது, என் கையெழுத்துக்குக் கீழே, பிணையாளி என்ற இடத்தில், கோடு தாண்டிச் சரிந்தபடி.

எனக்கு வந்த கடிதத்தில் ‘உங்கள் பயிற்சி தொடர்பாக’ என்று மட்டுந்தான் இருந்தது. இறுதிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறார்கள் என்று நினைத்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

நான் வேலை செய்தது வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், தாதியாக. வீடு ஜிந்துப்பிட்டிப் பக்கம். புறக்கோட்டையில் இறங்கி கல்கிசை பஸ் பிடிக்க வேண்டும். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவர், நான் ஓ.எல். பரீட்சை எழுதிய வருஷம் இறந்துபோனார். அம்மா ஒரு மிக்சர் கடையில் பொதி கட்டுகிறார். தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் ஒழுங்கையில் யாருக்கு என்ன கடதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். மின்சாரப் பட்டியல், கோர்ட் கடிதம், பள்ளிக்கூட அனுமதிப் படிவம், வங்கிக் கடிதம். சிங்களத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசித்துச் சொல்வேன். பத்து வயசிலிருந்தே அதுதான் என் மரியாதை.

சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு மாடிவீட்டில் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டார்.

“தம்பி எவடம்?”

“கொட்டாஞ்சேனை, சிஸ்டர்.”

ஜிந்துப்பிட்டி என்றால் குறைவாக நினைப்பார் என்று அதைச் சொல்லவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சரி, எங்கயிருந்தா என்ன. இந்த ஃப்ளோரில தமிழாக்கள் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் உம்மை விட்டுக்குடுக்க மாட்டன்.”

அவர் சொன்னபடியே நடந்தார். ஒரு வெளிநாட்டு நிதியத்தின் காசில் மூன்று தாதிகளுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி கொடுக்கப் போவதாக அறிவித்தல் வந்தபோது, என் பெயரை முதலில் எழுதியது அவர். பதினெட்டு மாதப் படிப்பு. முடித்தால் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் நோயாளியைப் பரிசோதித்து, என்ன செய்வது என்று நாமே தீர்மானிக்கலாம். அதற்கென்று தனிப் பதவி, தனிச் சம்பளம். என் வேலையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆளின் பக்கத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று தெரிந்தும், போனைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். படிப்பை முடித்துவிட்டு மூன்று வருஷம் அங்கேயே வேலை செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நாள், அன்று நான் வார்டுக் கணக்கில் இல்லை. பயிற்சி நேரம் பொய்யாகப் பதியப்பட்டால் முழுச் செலவையும் நான் திருப்பிக் கட்ட வேண்டும், நான் கட்டாவிட்டால் பிணையாளி கட்ட வேண்டும். இது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. வாசித்தேன். வாசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிணைக்கு நிரந்தர அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரே ஆள் மாமாதான். சொந்த மாமா இல்லை, அப்பாவின் கூட்டாளி. மாநகர சபையில் வீதி கூட்டுகிறவர். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. சுற்றி இருந்தவர்களில் கடை வைத்திருந்தவர்களும் உண்டு, ஓட்டோ வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் தவணைக்குப் பொருள் எடுக்கும் கடையில் அவர்களுடைய கையெழுத்து செல்லாது. வீதி கூட்டுகிறவரின் சம்பளத் துண்டுதான் செல்லும்.

“இந்த ரோட்டுல என் கையெழுத்துல எத்தன ஃப்ரிட்ஜ் ஓடுது தெரியுமா மருமகனே?” என்று சிரித்தார். “எத்தன டிவி பாடுது! இப்ப ஒரு டாக்டரையும் ஓட்டப் போறேன்.”

“டாக்டர் இல்ல மாமா. தாதிதான், ஆனா கொஞ்சம் மேல.”

“எல்லாம் ஒண்ணுதான். எங்க வைக்கணும், சொல்லு.”

“மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னா...”

“நீ வாசிச்சாச்சுல்ல?”

“வாசிச்சுட்டேன்.”

“அப்புறம் என்னா? காசு கட்டுற மாதிரி ஒண்ணும் வராதில்ல?”

“இல்ல மாமா. சும்மா ஒரு கையெழுத்து.”

அவர் இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். மாமி உள்ளேயிருந்து, “பாத்து, ஓட்டோவுக்கு லோன் எடுக்க விடுவாங்களா இதப் போட்டா?” என்று கேட்டார். பென்ஷனுக்குப் பிறகு ஓட மாமா ஒரு பழைய ஓட்டோ வாங்க நினைத்திருந்தார். அதற்கான கடனை பென்ஷனுக்கு முன்பே எடுக்க வேண்டும். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று மாமியிடம் சொன்னது மாமா இல்லை, நான்.

என் பயிற்சி நாள் புதன்கிழமை. முதல் புதன்கிழமை யூனிஃபோம் இல்லாமல், புதுக் கொப்பியோடு போனேன். சிஸ்டர் மேசையருகே கதிரை போட்டு, ஒரு நோயாளியின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டத் தொடங்கினார். இருபது நிமிஷம் இருக்கும். போன் அடித்தது. ஒரு தாதி வரவில்லை. அந்த நாட்களில் மாதத்துக்கு ஒருவர் என்று வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். வார்டில் எப்போதும் ஆள் குறைவு.

“தம்பி, யூனிஃபோம் கொண்டு வந்தனீரோ?”

“இல்லை சிஸ்டர்.”

“அலுமாரியில ஒண்டு கிடக்கு, போட்டுக்கொண்டு வாரும். இண்டைக்கு மட்டும்.”

இரண்டாவது புதன்கிழமையும் ‘இண்டைக்கு மட்டும்’. மூன்றாவது புதன்கிழமையிலிருந்து நானே யூனிஃபோமைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

பயிற்சிப் பதிவேடு என்று ஒரு நீலக் கோப்பு இருந்தது. திகதி, எத்தனை மணித்தியாலம், என்ன கற்றேன், மேற்பார்வையாளர் கையெழுத்து, பயிலுநர் கையெழுத்து. மாத முடிவில் சிஸ்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டு நாலு புதன்கிழமைகளையும் ஒரே இருப்பில் எழுதுவார். ஒரு வரி நீலப் பேனா, அடுத்த வரி கறுப்பு. ஒரே நாளில் எழுதியது என்று தெரியாமல் இருக்க வார்டில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. உடல் சூட்டு அட்டையைக்கூட அப்படித்தான் நிரப்புவோம்.

“இஞ்ச ஒண்டு, இஞ்ச ஒண்டு. சும்மா ஒரு கையெழுத்துத்தானே தம்பி.”

“சிஸ்டர், இதில ‘சுவாசப் பரிசோதனை, எட்டு மணித்தியாலம்’ எண்டு கிடக்கு.”

“ஏன், நீர் வார்டில சுவாசம் பாக்கேல்லையோ? நாள் முழுக்க அதைத்தானே பாத்தனீர்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். சில புதன்கிழமைகளில் வேலை அளவுக்கு மீறிப் போனபோது, “சும்மா செய்யாதையும், ஓ.டி. போடும். நான் பாஸ் பண்ணிவிடுறன்” என்றார். அம்மாவுக்கு காஸ் சிலிண்டர் முடிந்திருந்த மாதம் அது, மேலதிக நேரச் சம்பளம் தேவைப்பட்டது. போட்டேன். பிறகும் போட்டேன். பதினொரு புதன்கிழமை. சில நாள் தன் வீட்டுப் பிட்டிலும் எனக்கு ஒரு பங்கு கொண்டுவருவார். இப்படி ஒரு சிஸ்டர் கிடைத்ததற்கு அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். நாங்கள் முருகன் கோயில் ஆட்கள். ஆனாலும் அந்தோனியாருக்கும் சொல்லிவைப்போம்.

எல்லாப் பதிவேட்டையும் இப்படி ஒரே இருப்பில் நிரப்பலாம். ஒன்றை மட்டும் முடியாது. மார்பின் ஊசி பூட்டிய அலுமாரியில் இருக்கும். அதை எடுக்க இரண்டு தாதிகள் வேண்டும். எந்த நோயாளிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதி, இரண்டு பேரும் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு குப்பி குறைந்தாலும் பொலிஸ் வரை போகும். அதனால் அந்தப் புத்தகத்தில் மட்டும் வார்டில் யாரும் விளையாடுவதில்லை. நானும் விளையாடவில்லை. புதன்கிழமைகளில் கொடுத்த ஒவ்வொரு மார்பின் ஊசிக்கும், நேரம் போட்டு, ஒழுங்காகக் கையெழுத்து வைத்திருந்தேன்.

நிதியத்திலிருந்து கணக்காய்வுக்கு வந்த அம்மையார் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டாராம்.

“மல்லி,” என்றார் முகாமையாளர். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். அவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கதைத்தார். “இந்தப் புதன்கிழமை காலை பத்தே காலுக்கு நீங்கள் வகுப்பறையில் இருந்ததாக இதில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அதே பத்தே காலுக்கு ஏழாம் கட்டிலுக்கு ஊசி போட்டதாக இதிலும் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். எது பொய்?”

“ஊசி போட்டது உண்மை சேர்.”

“அப்ப மற்றது பொய்.”

“சிஸ்டர்தான் வார்டில் நிற்கச் சொன்னார். அவரைக் கேளுங்கள்.”

மேட்ரன் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். சிஸ்டரின் அழகான சாய்ந்த எழுத்து. எனக்குப் பயிற்சி நாட்கள் தவறாமல் ஒதுக்கப்பட்டன என்றும், மேலதிக வருமானத்துக்காக நானாகவே அந்த நாட்களில் வார்டு வேலை கேட்டு வாங்கினேன் என்றும், தன் வேலைப் பளுவில் அதைக் கவனிக்கத் தவறியதற்கு வருந்துவதாகவும் இருந்தது. கூடவே என் ஓ.டி. படிவங்கள் பதினொன்று.

இரண்டு தரம் வாசித்தேன். வாசிப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

கணக்குப் பிரிவுக்காரர் தொகையைக் காட்டுவதற்காகத் தன் கோப்பைத் திருப்பினார். அது நிதியத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான ஒப்பந்தம், நான் முன்பு பார்த்திராதது. அவருடைய விரலுக்கு மேலே ஒரு வரி இருந்தது. பயிலுநர் இல்லாத நாளில் வார்டில் வேலை செய்யப் பதில் ஊழியர் ஒருவருக்கு, வாரம் ஒரு நாள் சம்பளம். அதற்குக் கீழே, மேற்பார்வையாளருக்கு மாதாந்தப் படித்தொகை.

“சேர், இந்தப் பதிலாள் யார்?”

“அது எங்களுக்கும் நிதியத்துக்கும் உள்ள விஷயம்.”

“புதன்கிழமையில் எனக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை சேர். நான்தான் நின்றேன்.”

பெண்பிள்ளை தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு முகாமையாளரைப் பார்த்தது. அவர் வேண்டாமென்று தலையை மெல்ல ஆட்டினார். அது எழுதப்படவில்லை.

“ஐயோ மல்லி,” என்றார் மேட்ரன், உண்மையான கவலையோடுதான். “நிதியம் எங்களிடம் காசைத் திருப்பிக் கேட்கிறது. யாரோ ஒருவர் கட்டத்தானே வேண்டும்.”

பயிற்சி நேரம் செல்லாது, அதனால் பரீட்சை எழுத முடியாது, வேலையும் அன்றோடு முடிந்தது. முழுத் தொகையும் முப்பது நாளுக்குள். தவணை கிடையாது.

அங்கிருந்து நேரே சிஸ்டரின் வீட்டுக்கு நடந்தேன். காவல்காரர் போன் செய்ய, அவர் கீழே இறங்கி வந்தார். வீட்டு உடுப்பு, கையில் சாவிக் கொத்து. மேலே கூப்பிடவில்லை. கேற் அடியில் நின்றோம். பின்னால் ரயில் போனது.

“சிஸ்டர், ஓ.டி. போடச் சொன்னது நீங்கள்தானே?”

“சொன்னனான்தான்.” அவர் மறுக்கவில்லை. “ஆனா கையெழுத்து வைச்சது நீர்தானே தம்பி.”

“நீங்கள் சொல்லித்தானே வைச்சனான்.”

“நான் என்ன செய்ய? எனக்கு அடுத்த மாசம் வெளிநாட்டுப் பயணம். மேற்பார்வை செய்த அத்தாட்சியோடதான் அங்க வேலை தந்தவை. அது பிழைச்சால் என்ர ரெண்டு பிள்ளையளும் நடு ரோட்டில. நீர் தனிப் பொடியன், இன்னும் காலம் கிடக்கு. எப்பிடியும் எழும்பிடுவீர்.”

“விட்டுக்குடுக்க மாட்டன் எண்டு சொன்னீங்களே சிஸ்டர்.”

அவர் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்பிட்டீரோ?” என்று கேட்டார். நான் பஸ் பிடிக்கக் காலி வீதிக்கு நடந்தேன். என் யாழ்ப்பாணப் பேச்சுக்கூட அவரிடமிருந்து தொற்றியதுதான் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. வீட்டில் நாங்கள் அப்படிப் பேசுவதில்லை.

கோர்ட் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆஸ்பத்திரிக்கு எதிராக வழக்குப் போடலாம். ஆனால் முதல் வரியிலேயே, நான் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பொய்க் கையெழுத்து வைத்தேன் என்று நீங்கள் எழுத வேண்டும். பிறகு உங்கள் தாதிப் பதிவு மிஞ்சுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.” அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அம்மாவிடம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறப்போவதாகச் சொன்னேன். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது நாளுக்குள் எங்காவது கடன் புரட்டிவிடலாம், அவருக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சிஸ்டர் எனக்குச் செய்தது துரோகம் என்று நாள் முழுக்க நெஞ்சுக்குள் பொருமிக்கொண்டே, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் ஒழுங்கையால் போய் வந்தேன். அவர் வழக்கம்போல, “என்னா டாக்டரய்யா, பேச்சையே காணோம்?” என்று கேலி பண்ணுவார்.

புரட்ட முடியவில்லை. முப்பத்திரண்டாம் நாள் கடிதம் மாநகர சபையின் டிப்போவுக்குப் போனது. மாமாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆங்கிலம் எதுவும் வராது. என்றைக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் தரும் கடதாசியை, அன்று டிப்போ கிளார்க் பிரித்து, வேலைக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, சிங்களத்தில் சத்தமாக வாசித்துச் சொன்னாராம்.

பின்னேரம் மாமா வந்தார். வேலை உடுப்பு மாற்றவில்லை. வாசலிலேயே நின்று கடிதத்தை நீட்டினார்.

“இத நீ ஒரு தடவ வாசி மருமகனே. அந்த ஆளு சரியா வாசிச்சானான்னு தெரியல.”

வாசித்தேன். அம்மா மிக்சர் பக்கற்றுகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

“இது அப்பவே எழுதியிருந்திச்சா?”

“ஒன்பதாம் பக்கத்துல மாமா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

அடித்திருக்கலாம். பல்லைக் கடித்தார், அவ்வளவுதான். “எனக்கு எழுத்துத் தெரியாது. உனக்குத் தெரியும்னுதானே வச்சேன்” என்றார். நான் சிஸ்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், பதிலாள் சம்பளத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தி நிறுத்தினார். “அது உன் கத” என்றார்.

அடுத்த வாரம் ஓட்டோவுக்கு எடுக்க வைத்திருந்த கடனை எடுத்தார். போதாமல் போனதற்கு மாமியின் காப்பு இரண்டும் அடகுக்குப் போனது. அம்மாவின் தோடும் போனது. மாமாவும் நானும் ஒன்றாக பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் காசு வாங்கும் கருமபீடத்தில் கட்டினோம். ரசீதை என்னிடம் தரவில்லை. தன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார், வாசிக்க முடியாவிட்டாலும்.

இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் இருக்கிறேன். காயத்துக்குக் கட்டுப் போடுகிறேன், இரத்த அழுத்தம் பார்க்கிறேன், மற்றதுக்கு டாக்டரைக் கூப்பிடுகிறேன். சம்பளத்தில் பாதி மாதா மாதம் மாமாவுக்கு. போன மாதம் அவர் பென்ஷன் போனார். ஓட்டோ இல்லை. ஒழுங்கையில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் இப்போது வேறு ஒரு பிள்ளையிடம் போகிறது.

கருமபீடத்தில் அன்று கட்டியது பாடநெறிக் கட்டணம், பயிற்சிக்கால உதவித்தொகை, சட்டத்தரணிக் கடிதச் செலவு, வராத பதிலாளுக்கு நிதியம் கொடுத்த சம்பளம், நான் வேலை செய்த பதினொரு புதன்கிழமைகளின் ஓ.டி. எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.